சர்வரோக நிவாரணி: விளம்பரம் விற்ற மருந்துகளின் கதை



விக்டோரியா மகாராணியார் காலத்துப் பத்திரிகை ஒன்று உங்கள் கைக்குக் கிடைத்தால் செய்திகளைப் பிறகு படிக்கலாம். முதலில் விளம்பரங்களைப் படியுங்கள். தலைவலி, வயிற்றுவலி, இரத்தக் கெடுதி, நரம்புத் தளர்ச்சி, மூலம், மூட்டுவாதம் என்று நோய்களின் பட்டியல் ஒரு முழம் நீண்டிருக்கும். அத்தனைக்கும் மருந்து ஒரே மாத்திரை! அதைத் தின்று எழுந்து நடமாடியவரின் நன்றிக் கடிதமும் அடியில் இருக்கும். படித்ததும் நமக்குச் சிரிப்பு வரும்.

சிரித்து முடித்தபின், இன்று காலையில் உங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்ந்த மருந்துச் செய்தி ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்க்கரை நோய் வேரோடு நீங்கும், சிறுநீரகக் கல் கரையும், அறுவை சிகிச்சை தேவையில்லை என்று அதுவும் அடித்துச் சொல்லும். நன்றிக் கடிதத்துக்குப் பதிலாக ஒரு காணொளி இருக்கும். இடைப்பட்ட நூற்றைம்பது ஆண்டுகளில் காகிதம் கண்ணாடித் திரையாக மாறிவிட்டது. சொல்லும் முறை மட்டும் மாறவே இல்லை. ஆகவே பழைய கதையை அறிந்து வைத்திருப்பது நம் வீட்டுப் பெட்டிக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது.

பெயரிலேயே ஒரு மயக்கம்

இம்மருந்துகளுக்குப் 'பேடண்ட் மருந்துகள்' என்று பெயர் வழங்கிற்று. 'பேடண்ட்' என்றால் அரசு வழங்கும் கண்டுபிடிப்பு உரிமை. அவ்வுரிமையைப் பெற விரும்புபவர் தம் பொருளில் என்ன கலந்திருக்கிறது என்பதை அரசிடம் வெளிப்படையாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் பேடண்ட் மருந்து என்று விற்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை அத்தகைய உரிமை எதையும் பெற்றவை அல்ல. கலவையை வெளியிட அவற்றை விற்றவர்கள் விரும்பவே இல்லை. பெயரையும் முத்திரையையும் மட்டும் பதிவு செய்துகொண்டு, உள்ளே இருப்பதை இரகசியமாக வைத்திருந்தார்கள்.

இந்த மயக்கத்தை அரசாங்கமே அதிகப்படுத்தியது என்பது வேடிக்கையான உண்மை. பிரிட்டனில் 1783ஆம் ஆண்டு முதல் 1941ஆம் ஆண்டு வரை இத்தகைய மருந்துகளின் மீது முத்திரைவரி விதிக்கப்பட்டிருந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாக ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் அரசாங்க முத்திரைத் தாள் ஒட்டப்படும். அது வரி ரசீதுதான். வாங்கியவர்களோ அரசாங்கமே பரிசோதித்து நற்சான்று கொடுத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்கள். விற்றவர்களும் அந்த எண்ணத்தைக் கலைக்கவில்லை.

இத்தொழிலின் மன்னர் தாமஸ் ஹாலோவே என்னும் ஆங்கிலேயர். அவர் மருத்துவம் படித்தவர் அல்லர். 1837ஆம் ஆண்டில் ஒரு களிம்போடு தொழிலைத் தொடங்கிப் பின்னர் மாத்திரையும் சேர்த்துக்கொண்டார். 1883ஆம் ஆண்டில் அவர் இறந்த காலத்தில் விளம்பரத்துக்கு மட்டும் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் பவுன் செலவிட்டு வந்தார். அவருடைய விளம்பரங்கள் இந்தியா உட்பட உலகின் பல நாடுகளில், பல மொழிகளில் வெளிவந்தன. அந்த வருமானத்தில் அவர் இலண்டனுக்கு அருகே பெண்களுக்காகக் கட்டிய கல்லூரியை 1886ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியாரே திறந்துவைத்தார். கல்லூரி நல்ல காரியம்தான். ஆயினும் அதன் ஒவ்வொரு செங்கல்லும் நோயாளிகளின் நம்பிக்கையை விற்ற பணத்தில் வாங்கப்பட்டதே.

வெள்ளாற்றங்கரைக்கு மருந்து வந்த வழி

சீமையில் செய்த மாத்திரை நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் எப்படி வந்திருக்க முடியும் என்று கேட்பீர்கள். அக்காலத்தில் இப்பகுதி முழுவதும் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995ஆம் ஆண்டில்தான். அரியலூர் தனி மாவட்டமாக நிலைபெற்றது 2007ஆம் ஆண்டில். பெரிய ஆஸ்பத்திரி என்றால் திருச்சிராப்பள்ளிக்குத்தான் போகவேண்டும். பெரம்பலூரிலிருந்து அது ஏறத்தாழ 35 மைல். மாட்டு வண்டியில் நோயாளியைப் படுக்க வைத்து அவ்வளவு தூரம் கொண்டுபோவதற்குள் காய்ச்சல் தணிந்திருக்கும், அல்லது உயிர் போயிருக்கும். அரியலூர் வழியாக விழுப்புரம் – திருச்சி இரயில் பாதை வந்ததே 1920களின் பிற்பகுதியில்தான். பெரம்பலூர் நகருக்கு அதுவும் வரவில்லை.

ஆனால் ஆஸ்பத்திரி எட்டாத ஊருக்கும் தபால் எட்டிற்று. 1877ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது. முன்பணம் அனுப்ப வேண்டியதில்லை. ஒரு கார்டு எழுதிப் போட்டால் பொட்டலம் வீட்டு வாசலுக்கு வரும். தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம். 1880ஆம் ஆண்டில் மணியார்டரும் வந்தது. வைத்தியரைத் தேடி நோயாளி போன காலம் மாறி, நோயாளியைத் தேடி மருந்து வரும் காலம் பிறந்தது. பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் தபால் வழியே மருந்து விற்கும் கம்பெனிகள் பெருகின. தொலைவிலுள்ள ஜாம்நகரிலிருந்து 'ஆதங்க நிக்கிரக' மாத்திரைகள் தமிழ்ப் பத்திரிகைகளில் விளம்பரமாகித் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்தன. மாத்திரையோடு இலவசப் புத்தகமும் பஞ்சாங்கமும் அனுப்பி ஆளைப் பிடித்த கம்பெனிகளும் உண்டு.

வெள்ளாற்றங்கரையில் லெப்பைக்குடிக்காடு போன்ற நம் ஊர்களிலிருந்து கடல் கடந்து பிழைக்கச் சென்றவர்கள் பின்னாளில் மற்றொரு வழியைத் திறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்தும் மலாயாவிலிருந்தும் திரும்புகிறவரின் பெட்டியில் கைலியோடும் அத்தரோடும் புலி மார்க் தைலமும் கோடாலி மார்க் தைலமும் இல்லாமல் இரா. இன்றும் பயணத்திலிருந்து வந்தவர் வீட்டுக்கு நாம் பார்க்கப் போனால் கையில் ஒரு சிறு தைலப் புட்டி வந்துவிடுகிறது அல்லவா?

நம் முன்னோர் அறிவில்லாமல் இவற்றை வாங்கினார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். 1880ஆம் ஆண்டில் காலரா கண்டவருக்குக் கொடுக்கப் பெரிய டாக்டரிடமும் உருப்படியான மருந்து இல்லை. காலராக் கிருமியை ராபர்ட் காக் கல்கத்தாவில் உறுதி செய்ததே 1884ஆம் ஆண்டில். இன்சுலின் 1921ஆம் ஆண்டிலும் பென்சிலின் 1928ஆம் ஆண்டிலும் கண்டுபிடிக்கப்பட்டன. டாக்டர் தொலைவில் இருக்கிறார். இருந்தாலும் அவரால் ஆகப்போவது குறைவு. விளம்பரமோ நிச்சயம் குணம் என்று சொல்கிறது. தவிக்கும் தாய் எதை நம்புவாள்?

பாட்டிலுக்குள் இருந்தது என்ன?

பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இந்த மருந்துகளை வாங்கி இரசாயனப் பரிசோதனை செய்து, 'இரகசிய மருந்துகள்' என்னும் பொருள்படும் தலைப்பில் 1909ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டது. ஒவ்வொரு மருந்திலும் என்ன இருக்கிறது, அதன் அடக்க விலை என்ன என்பதே நூலின் பொருள். ஒரு பெட்டி ஒரு கினி பெறும் என்று விளம்பரம் செய்யப்பட்ட பீச்சம் மாத்திரையில் இருந்தவை கரியபோளம், இஞ்சி, சோப்பு ஆகியவையே. கரியபோளம் என்பது கற்றாழையின் கசப்புப் பாலை உலர்த்திச் செய்வது, பேதிக்குக் கொடுப்பது. ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னிக்கு விற்ற அந்தப் பெட்டியிலுள்ள சரக்கின் மதிப்பு அரைப் பார்த்திங் என்று கணக்கிட்டார்கள். நான்கு பார்த்திங் கொண்டது ஒரு பென்னி, பன்னிரண்டு பென்னி கொண்டது ஒரு ஷில்லிங். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சரக்கின் விலையைப் போல நூறு மடங்குக்கு மேல்!

பணம் போனதோடு முடிந்திருந்தால் குற்றம் சிறிது. இந்தியாவில் பட்டாளத்து டாக்டராக இருந்த ஜான் காலிஸ் பிரௌன் என்பவர் 'குளோரோடைன்' என்னும் மருந்தை உருவாக்கினார். காலரா, வயிற்றுப்போக்கு, இருமல், தூக்கமின்மை அனைத்துக்கும் அது பெயர் பெற்றது. அதில் கலந்திருந்தவை அபின், கஞ்சா, குளோரோஃபார்ம். அபின் குடலின் அசைவைத் தடுக்கும். வலியை மறக்கச் செய்யும். ஆகவே குடித்தவுடன் குணம் கண்டதுபோல் தோன்றும். ஆனால் காலரா கொல்வது உடம்பிலுள்ள நீரையும் உப்பையும் வெளியேற்றி அல்லவா? அந்த நீரை அபின் திருப்பித் தராது. நோய் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருக்க, நோயாளி அமைதியாகக் கிடந்தார். பிழைத்தவர்களில் சிலர் அந்த மருந்துக்கே அடிமையானார்கள். அளவு மீறி மாண்டவர்களும் உண்டு.

குழந்தைகளின் கதை இன்னும் கொடியது. அமெரிக்காவில் தோன்றிப் பிரிட்டனிலும் விற்பனையான 'மிஸஸ் வின்ஸ்லோ' பாகு, பல் முளைக்கும் குழந்தையின் அழுகையை நிறுத்தும் என்று அன்னையர்க்கு விளம்பரம் செய்யப்பட்டது. அழுகை நின்றது உண்மைதான். ஏனெனில் அதில் இருந்தது மார்ஃபின் என்னும் அபின் சத்து. குழந்தை மயங்கிற்று, தாய் நிம்மதி அடைந்தாள். சில குழந்தைகள் பிறகு கண் விழிக்கவே இல்லை.

நமக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. அக்காலத்துச் 'சத்து டானிக்'குகள் பலவற்றில் சாராயம் கலந்திருந்தது. இந்தியாவிலும் விற்பனையான 'வின்கார்னிஸ்' என்னும் டானிக் திராட்சை மதுவையே அடிப்படையாகக் கொண்டது. 1851ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் வில்லியம் உட்வர்ட் உருவாக்கிய கிரைப் வாட்டரின் பழைய கலவையிலும் சிறிது சாராயம் இருந்தது. அது பின்னாளில் நீக்கப்பட்டது. மருந்தில் கலந்த சாராயத்தைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆலிம் பெருமக்களிடம் கேட்டறிவது நம் வழக்கம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிந்தால்தானே கேட்கவே முடியும்? கலவையை மறைத்தவர்கள் பணத்தோடு அந்த உரிமையையும் பறித்துக்கொண்டார்கள்.

மருந்து வளர்த்த பத்திரிகைகள்

இவ்வளவு தெரிந்தும் பத்திரிகைகள் ஏன் வாய் திறக்கவில்லை? அவற்றின் வருமானத்தில் பெரும்பங்கு மருந்து விளம்பரத்திலிருந்து வந்தது. மேலே சொன்ன 'இரகசிய மருந்துகள்' நூல் வெளிவந்தபோது பிரிட்டனில் பல பத்திரிகைகள் அந்நூலின் விளம்பரத்தைக்கூட ஏற்க மறுத்தன. உப்பிட்டவரை எப்படிப் பகைத்துக்கொள்வது!

கீழை நாடுகளில் இந்த உறவு இன்னும் நெருக்கமானது. காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலு 1893ஆம் ஆண்டில் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்தே அதைப் பிரபலப்படுத்தினார் என்பர். அந்த வருவாயைக் கொண்டு 1908ஆம் ஆண்டில் 'ஆந்திர பத்திரிகா'வை நிறுவினார். அது 1914ஆம் ஆண்டில் சென்னையில் நாளிதழாயிற்று. தேச விடுதலைக்காகவும் தெலுங்கு மொழிக்காகவும் அவர் செலவிட்ட பணம் தைலம் ஈட்டிய பணம். புலி மார்க் தைலத்தின் அதிபர் ஆவ் பூன் ஹா 1929ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஒரு சீன நாளிதழைத் தொடங்கியதற்குத் தம் தைலத்தை விளம்பரம் செய்வதும் ஒரு காரணம். 1920ஆம் ஆண்டில் ஹைதராபாத்தில் ஹகீம் முஹம்மது மொய்சுத்தீன் ஃபாரூகி உருவாக்கிய 'ஜிந்தா திலிஸ்மாத்' எண்ணெயும் விளம்பர பலத்தால் தென்னாடு முழுவதும் அறியப்பட்டதே.

இவை எல்லாம் மோசடி என்று நாம் சொல்லவில்லை. கற்பூரமும் புதினா உப்பும் யூகலிப்டஸ் எண்ணெயும் நெற்றியில் தடவினால் இதமாக இருக்கும். மூக்கடைப்புக்குச் சற்று ஆறுதல் தரும். இதம் தரும் பொருளை இதம் தரும் என்று சொல்லி விற்பது நேர்மையான வியாபாரம். அதையே காசநோய்க்கும் காலராவுக்கும் கைகண்ட மருந்து என்று சொல்லும்போதுதான் வியாபாரம் வஞ்சனையாகிறது.

நூறு பவுன் பந்தயம்

விளம்பரத்தில் சொன்ன சொல்லுக்கு வியாபாரி கட்டுப்பட்டவரா? இக்கேள்விக்கு விடை கண்டவர் இலண்டனைச் சேர்ந்த ஒரு பெண்மணி. 1891ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், 'கார்பாலிக் புகைப்பந்து' விற்ற கம்பெனி ஒன்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. இரப்பர்ப் பந்துக்குள் மருந்துப் பொடியை அடைத்து மூக்கில் உறிஞ்சுகிற சாதனம் அது. சொன்னபடி இரண்டு வாரம் பயன்படுத்திய பின்பும் ஃபுளூ காய்ச்சல் வந்தால் நூறு பவுன் தருவோம். எங்கள் வார்த்தைக்கு அடையாளமாக ஆயிரம் பவுன் பேங்கில் கட்டியிருக்கிறோம் என்றது விளம்பரம்.

லூயிஸா கார்லில் என்னும் அம்மையார் பத்து ஷில்லிங் கொடுத்து ஒரு பந்து வாங்கினார். நாள்தோறும் மும்முறை தவறாமல் பயன்படுத்தினார். 1892ஆம் ஆண்டு ஜனவரியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நூறு பவுனைக் கேட்டார். அது வெறும் விளம்பரப் பேச்சு, யாரும் அதை உண்மையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கம்பெனி வாதாடிற்று! பேங்கில் பணம் கட்டியதாகச் சொன்னவர் விளையாட்டுக்குச் சொன்னதாகக் கொள்ள முடியாது என்று அப்பீல் கோர்ட்டு அந்த அம்மையாருக்குச் சார்பாக 1892 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இந்தியாவில் சட்டம் படிக்கும் மாணவர் ஒப்பந்தச் சட்டத்தின் தொடக்கத்திலேயே இன்றும் இவ்வழக்கைப் படிக்கிறார்.

டாக்டர் விளம்பரம் செய்யலாமா?

மருந்து வியாபாரி கதை இப்படி என்றால், மருத்துவரின் நிலை என்ன? பிரிட்டனில் 1858ஆம் ஆண்டுச் சட்டப்படி தகுதி பெற்ற மருத்துவர்களுக்குப் பதிவேடு ஏற்பட்டது. பதிவு பெற்றவர் தம்மைத் தாமே புகழ்ந்து விளம்பரம் செய்வது தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது என்பது மரபாயிற்று. சென்னை மாகாணத்திலும் 1914ஆம் ஆண்டில் மருத்துவர் பதிவுச் சட்டம் வந்தது.

இதன் விளைவைச் சற்றே எண்ணிப் பாருங்கள். முறையாகப் படித்த டாக்டர் விளம்பரம் செய்யக் கூடாது. படிக்காதவருக்கோ எந்தத் தடையும் இல்லை. ஆகவே பத்திரிகையைப் பிரித்தவருக்குக் கண்ணில் பட்ட 'டாக்டர்'கள் எல்லாரும் உண்மை டாக்டர்களாக இருக்க வேண்டியதில்லை என்றாயிற்று. 'டாக்டர் வில்லியம்ஸ் இளஞ்சிவப்பு மாத்திரை' இந்தியா வரை புகழ் பெற்றது. அதை விலைக்கு வாங்கி உலகெங்கும் விற்றவர் கனடா நாட்டு வியாபாரி ஜார்ஜ் ஃபுல்ஃபோர்டு. 1890ஆம் ஆண்டில் அவர் அம்மருந்தின் உரிமைக்குக் கொடுத்த விலை ஐம்பத்து மூன்று டாலரும் ஒரு சென்டும்! 'டாக்டர்' என்ற சொல்லே அந்த மாத்திரையின் முதன்மையான சரக்கு என்றால் மிகையாகாது.

விளம்பரக் கட்டுப்பாடு நம் நாட்டில் இன்றும் உள்ளது. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுக்க விதிகளின்படி, ஒரு மருத்துவர் புதிதாகத் தொழில் தொடங்குவதையும், முகவரி மாறியதையும், தற்காலிகமாக ஊரில் இல்லாததையும், கட்டண விவரத்தையும் இவை போன்ற சில செய்திகளையும் அறிவிக்கலாம். தம் திறமையைப் பறைசாற்றி நோயாளிகளை அழைக்கக் கூடாது.

ஹகீம்களும் சட்டமும்

வைத்தியரைச் சோதித்த பின்பே தொழில் செய்ய விடவேண்டும் என்பது ஐரோப்பியர் நமக்குப் புதிதாகக் கற்பித்த பாடம் அன்று. கி.பி. 931ஆம் ஆண்டில் பக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் நோயாளி இறந்த செய்தி கலீஃபா முக்ததிருக்கு எட்டியது. சோதனையில் தேறாத எவரும் வைத்தியம் செய்யக் கூடாது என்று அவர் ஆணையிட்டார். ஸினான் இப்னு தாபித் என்னும் தலைமை மருத்துவர் அந்நகரில் எண்ணூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார் என்று பழைய வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். கடைத்தெருவைக் கண்காணித்த 'முஹ்தஸிப்' என்னும் அதிகாரியின் கடமைகளுள் மருந்துக் கடைகளில் கலப்படம் நடக்காமல் பார்ப்பதும் ஒன்றாக இருந்தது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர் விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி ஆவார் என்னும் கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் அருளியதும் நாம் அறிந்ததே.

இந்திய வைத்திய முறைகளைப் போலிகளின் பிடியிலிருந்து மீட்டு ஒழுங்குபடுத்தும் முயற்சியிலும் முஸ்லிம் ஒருவருக்கு முக்கியப் பங்கு உண்டு. சென்னை அரசாங்கம் 1921ஆம் ஆண்டில் அமைத்த குழுவுக்கு முஹம்மது உஸ்மான் சாஹிப் தலைமை தாங்கினார். பின்னாளில் சென்னை மாகாணத்தின் தற்காலிக கவர்னராகவும் இருந்தவர் அவர். குழுவின் அறிக்கை 1923ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் பயனாகச் சென்னையில் சித்தம், ஆயுர்வேதம், யூனானி மூன்றையும் முறையாகக் கற்பிக்கும் அரசாங்கப் பள்ளி தோன்றிற்று.

மருந்துகளைப் பற்றி விசாரிக்க 1930ஆம் ஆண்டில் கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் இந்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. அதைத் தொடர்ந்து 1940ஆம் ஆண்டில் மருந்துச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் 1954ஆம் ஆண்டில், விளம்பரத்துக்கென்றே தனிச் சட்டம் பிறந்தது. புற்றுநோய், நீரிழிவு, காக்காய்வலிப்பு, பக்கவாதம், இரத்த அழுத்தம், தொழுநோய், ஆண்மைக்குறைவு முதலிய 54 நோய்களையும் நிலைகளையும் பட்டியலிட்டு, இவற்றைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தையும் விளம்பரம் செய்யலாகாது என்று அது தடுத்தது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றால் நோய் தீர்ப்பதாகச் செய்யும் விளம்பரமும் குற்றமாயிற்று. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு.

1906ஆம் ஆண்டில் டில்லியில் தோன்றிய ஹம்தர்த் தவாகானா இச்சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. யூனானி மருந்தைப் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்வது பேச்சுரிமை அல்லவா என்பது அதன் வாதங்களுள் ஒன்று. 1959 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தடை செய்யப்பட்ட மருந்தை வியாபாரத்துக்காக விளம்பரம் செய்வது அரசியல் சட்டம் காக்கும் பேச்சுரிமைக்குள் அடங்காது என்று நீதிமன்றம் கூறிற்று. அதே வேளையில், சட்டம் அதிகாரிகளுக்குக் கொடுத்திருந்த அளவற்ற அதிகாரங்கள் சிலவற்றை அது செல்லாதவையாக்கியது. கீர்த்தி பெற்ற ஒரு நிறுவனம் நேர்வழியில் நீதிமன்றம் சென்றதனால் மக்களின் பாதுகாப்பும் வியாபாரியின் நியாயமும் ஒருசேரத் தெளிவுபட்டன.

இன்று நாம் நிற்கும் இடம்

சட்டம் இருக்கிறது. ஆஸ்பத்திரியும் அருகில் வந்துவிட்டது. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை உள்ளது. அரியலூரில் 2022ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரியே திறக்கப்பட்டது. நம் முன்னோருக்கு இருந்த 35 மைல் தூரமும் மாட்டு வண்டியும் இன்று நமக்குச் சாக்காக முடியாது. ஆயினும் ஏமாறுவது நின்றபாடில்லை. பொய் விளம்பரங்களின் தொல்லை பெருகவே, விளம்பரதாரர் தம் விளம்பரம் உண்மையானது என்று முன்கூட்டியே உறுதிமொழி தரவேண்டும் என்று 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே கட்டளையிட நேர்ந்தது.

'மூலிகைதானே, கெடுதல் செய்யாது' என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய, தெற்காசியாவில் செய்யப்பட்ட 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளை ஆராய்ச்சியாளர் சோதித்தபோது, 14இல் ஈயம், பாதரசம், பாஷாணம் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருக்கக் கண்டனர். 2004ஆம் ஆண்டில் அம்முடிவு வெளியாயிற்று. மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் கொடுக்கப்படும் பெயரற்ற பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உலகெங்கும் பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. வலி சட்டென்று குறைவதால் நோயாளி மகிழ்கிறார். எலும்பு தேய்வதும், சர்க்கரை ஏறுவதும், கண்ணில் புரை விழுவதும் மெல்ல மெல்லத்தான் தெரியவரும். குளோரோடைன் குடித்தவரின் கதைதான் இதுவும்.

எல்லாவற்றிலும் கொடியது, நம்பி உண்ணும் புதிய மருந்துக்காகத் தேவையான பழைய மருந்தை நிறுத்திவிடுவது. இன்சுலின் ஊசியையே நம்பி வாழும் நீரிழிவுப் பிள்ளை, ஒரு விளம்பரத்தை நம்பி ஊசியை நிறுத்தினால், சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். தொடக்க நிலையில் குணப்படுத்தக் கூடிய புற்றுநோய், ஆறு மாதம் பொடி தின்று கழித்தபின் கை மீறிப் போகும். இழந்த பணத்தை மீண்டும் சம்பாதிக்கலாம். இழந்த மாதங்களை எங்கே சம்பாதிப்பது?

ஆகவே குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே, எந்த மருந்து விளம்பரம் வந்தாலும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. உள்ளே என்ன இருக்கிறது? கலவை, தயாரிப்பாளரின் முகவரி, உரிம எண், காலாவதி நாள் ஆகியவை லேபிளில் இல்லாத மருந்து வீட்டுக்குள் வரக் கூடாது.

2. எத்தனை நோய்க்கு மருந்து? ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல நோய்களை ஒரே மருந்து தீர்க்கும் என்றால், எதையும் தீர்க்காது என்று பொருள்.

3. யார் சொல்கிறார்? 'டாக்டர்' என்பவரின் படிப்பும் பதிவு எண்ணும் என்ன? அலோபதியாயினும் யூனானியாயினும் சித்தமாயினும் முறையாகப் பயின்றவருக்குப் பதிவு எண் உண்டு. கேட்டால் கோபப்படுபவரிடம் போகாதீர்கள்.

4. சான்று என்ன? குணமடைந்தேன் என்று சொல்லும் நாலு பேர் சான்று ஆகமாட்டார்கள். குணமடையாதவரின் கடிதத்தை எந்த வியாபாரியும் அச்சிடுவதில்லை.

5. டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா? அப்படியானால் அந்தப் பேச்சு அத்துடன் முடியட்டும்.

பள்ளிவாசல் சுவரிலும் திருமண மண்டபத்து வாசலிலும் நம் குடும்பத்தார் பார்க்கும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இத்தகைய விளம்பரங்கள் இடம்பெறாமல் பார்ப்பது ஜமாஅத்துப் பெரியவர்களின் பொறுப்பு. நல்லெண்ணத்தோடுதான் பலரும் இவற்றைப் பிறருக்கு அனுப்புகிறார்கள். ஆனால் கேட்டதையெல்லாம் ஆராயாமல் பரப்புவது நல்லெண்ணம் ஆகாது. வரம்பு மீறிய விளம்பரத்தைக் கண்டால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதலாம். ஒரு புகைப்பந்துக்காகக் கோர்ட்டுப் படி ஏறிய அந்த ஆங்கிலப் பெண்மணியைப் போல, கேட்பதற்கு ஒருவர் துணிந்தால் பலர் காப்பாற்றப்படுவர்.

தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தை வியாபாரியிடம் சுட்டிக்காட்டி, மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். மருந்துப் பாட்டிலையும் அப்படியே பார்ப்போம். மேலே ஒட்டிய தாளோடு நின்றுவிடாமல், உள்ளே இருப்பது என்ன என்று கேட்போம். நோய்க்கு மருந்தையும் படைத்து, அதைத் தேடும் அறிவையும் நமக்குத் தந்த வல்ல இறைவன், நம் அனைவருக்கும் நிறைந்த உடல்நலத்தைத் தந்தருள்வானாக!